பீடம் தெரியும் கட்டில்

என் தங்கச்சியின் மகள் சுதா மொன்றியலுக்குப் பக்கத்தில், லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"பெரியம்மா, எங்கடை இல்லத்திலை ஞாயிற்றுக்கிழமையிலை பெரிய ரீவியிலை பூசையைப் போட்டுவிட்டாக் காணும். எழும்ப ஏலாத ஆக்களும் படுத்த படுக்கையிலை பாப்பினம். நீங்கள் மடத்திலை வேலை செய்யேக்கை உதெல்லாம் இருந்ததே? வருத்தக்காரச் சிஸ்டர்மார் எப்பிடிப் பூசை கண்டவை?"

"சுவரிலை ஒரு பொட்டு இருந்தது" என்றேன்.

அவளுக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. "பொட்டோ? நாய் பூருற வேலிப் பொட்டு மாதிரியோ?"

எங்கள் ஊரில் வேலியில் ஆளோ ஆடோ நுழைந்து போகிற இடைவெளியைப் பொட்டு என்போம். கன்னியர்மடத்துச் சுவரில் இருந்ததற்குப் பிரெஞ்சில் வேறு பெயர் இருந்தது. எனக்கு அது கடைசிவரை பொட்டுத்தான்.

"உதை எழுதுங்கோ பெரியம்மா. உங்கடை முதியோர் சங்கத்து மலருக்குக் குடுக்கலாம்."

"நான் ஐஞ்சாம் வகுப்புப் பிள்ளை. எனக்கென்ன எழுத்து."

"எழுத்துப்பிழையை மலர்க்காரர் பாப்பினம். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ."

நாலு பேருக்கு முன்னால் எழும்பி நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடதாசியில் எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மொன்றியலுக்கு வந்து முதலில் சென்ட் லோரன்டில் ஒரு தையல் பக்டரியில் இருந்தேன். அது மூடியதும் மடத்தில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை கிடைத்தது. அங்கே ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்பு மடித்தபடியே பிரெஞ்சைக் காதால் பிடித்தேன். பிறகு ஒருநாள் மேல்மாடிக்கு, வருத்தக்காரச் சிஸ்டர்மார் நோயோடு கிடக்கிற வாட்டுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கேயே நரைத்து, அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன். வேலை பழகிய கதை அவ்வளவுதான்.

அந்த வாட் நீளமான அறை. இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைத் திரை. அறையின் கடைசிச் சுவருக்கு அந்தப் பக்கம் தேவாலயம். நல்ல தடித்த கல்லுச் சுவர். என் கையைத் தோள்மூட்டு வரைக்கும் உள்ளே விட்டாலும் விரல் அந்தப் பக்கத்தைத் தொடாது. அந்தச் சுவரில்தான் பொட்டு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சுளகளவு அகலம். போகப் போக ஒடுங்கி, தேவாலயத்துப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியளவுதான். அதை நேராக வெட்டவில்லை. சரித்து, கீழ்நோக்கி, ஒரு பக்கமாக, பீடத்தைக் குறிவைத்து வெட்டியிருந்தார்கள். ஒரு முழம் உள்ளே, குறுக்கே இரும்புக் கம்பி. எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன மரக் கதவு. கண்ணாடி கிடையாது. திறந்தால் குளிர்காற்றும் மெழுகுதிரி வாசமும் சேர்ந்து வரும்.

கம்பியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துருப்பிடிக்கும், மாரியில் உறைந்தும் போகும். மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். கல்லின் மேல் படிகிற தூசியையும் வெளித்தள்ளக் கூடாது, உள்பக்கமாக இழுத்தெடுக்க வேண்டும். வெளித்தள்ளினால் கீழே பீடத்தின் மேல் விழும். நான் அந்தக் கல்லுக் குடைவுக்குள் தலையை விட்டுத் தூசி எடுக்கிற நேரங்களில், கீழே ஆளில்லாத தேவாலயம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற ஊர் மாதிரி இருக்கும். சத்தமில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். எங்கேயோ ஒரு மர வாங்கு தானாக முனகும் சத்தம் கேட்கும். நான் என்னை மறந்து அப்படியே நிற்பேன். ஒருவரும் என்னைக் காணாத இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பொட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் பீடம் தெரியாது. எதிர்ப்பக்கத்துத் தூண்தான் தெரியும். வாட் முழுவதிலும் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் பீடம் தெரியும். சுவரோரமாக, இடது மூலையில் போட்டிருந்த கட்டிலின் தலைமாட்டில் இருந்து. மற்றக் கட்டில்காரர் பூசையைக் காதால் கேட்பார்கள். அந்தக் கட்டில்காரர் மட்டும் கண்ணால் காண்பார்.

அந்தக் கட்டிலை மடத்தில் ஒருவரும் கேட்டு வாங்க முடியாது. சாவுக்கு ஆகக் கிட்ட நிற்கிற சிஸ்டருக்குத்தான் அது. அங்கே மாற்றுகிற அன்று நெற்றியில் எண்ணெய் பூசுவார்கள். எல்லோரும் வரிசையாக வந்து கையைப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு, விடை சொல்லிப் போவார்கள். போகிறவர் தன் சாமான்களைப் பிரித்துக் கொடுப்பார். கன்னியாஸ்திரிகளுக்கு என்ன பெரிய சாமான்? ஒரு சால்வை, ஒரு ரேடியோ, ஒரு கதிரை. பிறகு சில நாளோ சில கிழமையோ, காலைப் பூசையை அந்தப் பொட்டால் கண்டுகொண்டு கிடப்பார். ஒருநாள் கட்டில் வெறுமையாகும். நான் விரிப்பு மாற்றுவேன்.

வாட்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் ஜெர்மென். நெட்டையான மனுசி. மாட்டுப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவ. கை அகலமான கை. குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. அவவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் கட்டிலுக்கு ஒருவரை மாற்றுவதற்கு முதல், தான் போய் அதில் படுத்துப் பார்ப்பா. சப்பாத்தைக் கழற்றி இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு, முழங்கால் சொடுக்குகிற சத்தத்தோடு ஏறி, தலையணையில் தலையை வைப்பா.

"மதாம் தங்கம், இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் தள்ளுங்கோ."

நான் இடுப்பால் கட்டிலை நெம்புவேன்.

"காணும், காணும். இப்ப மெழுகுதிரி மட்டும்தான் தெரியுது. தலைமாட்டை ஒரு விரல் உயத்துங்கோ. ஆ... இப்ப பாதர் கை விரிக்கிற இடம் தெரியுது. கட்டில்காலின்ரை சில்லைப் பூட்டுங்கோ."

பிறகு வருகிற சிஸ்டர் கட்டையானவ என்றால், தான் கீழே சறுக்கிக் கிடந்து பார்ப்பா. சில நேரம் என்னைப் படுக்கச் சொல்லுவா, நான் கட்டை என்பதால். எனக்கு வெட்கத்தில் காது சுடும். ஆனால் படுத்துப் பார்த்தால், கறுத்த கல்லுக்குள் எட்டத்தில் ஒரு துண்டு வெளிச்சம்: வெள்ளைத் துணி, சிவப்பு விளக்கின் சுடர், பொன்நிறமாய் ஒரு விளிம்பு. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் காண்கிற மாதிரி இருக்கும். சிஸ்டர் ஜெர்மெனும், நான் சில்லைப் பூட்டிய பிறகு, கொஞ்ச நேரம் எழும்பாமல் கிடப்பா. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் எதையாவது மடித்துக்கொண்டு நிற்பேன்.

இனி நான் சொல்ல வந்த கதை. அவர்கள் பேசியது பிரெஞ்சுதான். என் காதுக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் விழுந்தது, விழுந்தபடியே எழுதுகிறேன்.

நான் வாட்டுக்குப் போய்ச் சேர்ந்த வருசம், இலையுதிர்காலத்தில் சிஸ்டர் லூசியெனுக்கு நெஞ்சுச்சளி கடுமையாகி, அந்தக் கட்டிலுக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவ. வாய் பொல்லாத வாய். எண்ணெய் பூசியாயிற்று. எல்லோரும் அழுது விடை சொல்லியாயிற்று. தன் கம்பளிச் சால்வையை ஒருவருக்கும் ரேடியோவை இன்னொருவருக்கும் கொடுத்தா. ஆடுகதிரையைச் சிஸ்டர் அல்போன்சீனுக்குக் கொடுத்தா. இருவரும் ஒரே வருசத்தில் மடத்தில் சேர்ந்தவர்கள்.

பிறகு சிஸ்டர் லூசியென் சாகவில்லை.

நத்தார்ப் பண்டிகை வந்தது, போனது. பனி சன்னல் விளிம்பு வரைக்கும் ஏறியது. சிஸ்டர் லூசியெனின் இருமல் நின்றது. கன்னத்தில் நிறம் வந்தது. மத்தியானத்தில் பட்டாணி சூப் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, பாண் ஏன் காய்ந்துபோய்க் கிடக்கிறதென்று என்னைக் கேட்டா. ஆனால் கட்டிலால் கால் கீழே வைக்கவில்லை. "ஏலாது பிள்ளை, காலிலை உயிரில்லை" என்பா. நாங்களும் நம்பினோம்.

தை மாதத்தில் சிஸ்டர் அல்போன்சீனுக்கு முடியாமல் போனது. இருதயம் பலவீனம், நெஞ்சிலே தண்ணீர் கட்டும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவும் பகலும் ஆடுகதிரையில் சாய்ந்தபடி இருந்தா. வாழ்நாள் முழுக்க மடத்துத் தையல் அறையில் இருந்தவ. பீடத்துக்கு விரிக்கிற துணியெல்லாம் அவவின் கைவேலை. அதன் தொங்கலில் ஊசிப்பின்னல் பூ வைத்து, கஞ்சி போட்டு, அழுத்தி, ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் கையால் விரித்தவ. கீழே இறங்க ஏலாமல் போன பிறகு அந்தத் துணியை அவ காணவேயில்லை. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சிஸ்டர் ஜெர்மெனிடம் மெல்லமாகக் கதைத்தார். கதைத்து முடிந்து அவ திரும்பிவந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அல்போன்சீனின் முறை வந்துவிட்டது. கட்டிலில் ஆள் இருக்கிறது.

சிஸ்டர் ஜெர்மென் லூசியெனின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தா.

"லூசியென், உனக்கு இப்ப சுகம்."

"ஆர் சொன்னது?"

"ரெண்டு கோப்பை சூப் சொல்லுது."

"சாகப்போற ஆக்களுக்கும் பசிக்கும்."

"அல்போன்சீனுக்குப் பசிக்கேல்லை."

லூசியென் அறை முழுக்கக் கேட்கச் சொன்னா: "அவள் என்ரை கதிரையிலை குந்திக்கொண்டு என்ரை கட்டிலுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறாள்."

அறையின் மற்றத் தொங்கலில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. "எனக்குக் காது நல்லாக் கேக்குது, லூசியென்."

"கேக்கட்டும் எண்டுதான் சொன்னனான்!"

சிஸ்டர் ஜெர்மென் எழும்பி வந்துவிட்டா. துணி மடிக்கிற இடத்தில் நான் துணிந்து கேட்டேன். "சிஸ்டர், நீங்கள் பெரியவ. இறங்கு எண்டு சொன்னா அவ கேக்கத்தானே வேணும்?"

அவ ஒரு தலையணை உறையை எடுத்து, மடித்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தா. "வேறை எதையும் நான் சொல்லிச் செய்விப்பன், மதாம் தங்கம். அந்தக் கட்டிலாலை ஒருத்தரும் உயிரோடை இறங்கினதில்லை. எப்பிடி இறங்கிறது எண்டு எனக்கே தெரியாது. தெரியாத ஒண்டை நான் எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த நாள் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். விருந்தினர் அறையிலிருந்து பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்து, பொட்டுக்கு முன்னால் நான் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடுகதிரையைத் தள்ளி எதிரே வைத்தார்கள். சிஸ்டர் ஜெர்மென் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு இடம், வலம், கீழே என்று சொல்லச் சொல்ல, நான் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். குளிர்காற்றுப் பட்டுக் கண்ணாடியைப் பனிப்புகார் மூடியது. துடைத்தால் திரும்ப மூடியது.

"என்ன தெரியுது, அல்போன்சீன்?"

"மதாம் தங்கத்தின்ரை காது."

"இப்ப?"

"இப்ப நான் தெரியிறன். கடவுளே, இவ்வளவு கிழடாப் போனனே!"

எல்லோரும் சிரித்தார்கள். அல்போன்சீனும் சிரித்து, சிரிப்பு இளைப்பாக மாறி, உதடு நீலமாகிவிட்டது. சிரிக்காமல் கிடந்தவ லூசியென் ஒருத்திதான். மூச்சு வந்த பிறகு அல்போன்சீன் சிஸ்டர் ஜெர்மெனின் கையைத் தட்டினா. "விடுங்கோ சிஸ்டர். காது கேக்குதுதானே. அது காணும்."

அது காணாது என்று எல்லோருக்கும் தெரியும். அவவின் விரல்கள் மடியில் கிடந்த போர்வையின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே இருந்தன.

அதற்கடுத்த நாள் சிஸ்டர் ஜெர்மெனுக்குப் பல்லுப் பிடுங்க நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் பூசை நேரத்தில் பொட்டுக் கதவு அவவின் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் குசினியில் காலைச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவேன். அதனால் பூசையை அந்தப் பொட்டால் நான் ஒருநாளும் கண்டதில்லை. "முதல் மணிக்குத் திறவுங்கோ. பூசை முடியச் சாத்துங்கோ. வேறையொண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனா.

திறந்தேன். லூசியெனின் தலைமாட்டில், ஒருவரையும் மறைக்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாட்டுக்குள் பால் மாதிரி ஒரு வெளிச்சம். கீழேயிருந்து பாட்டு எழும்பி வந்தது. கழுத்தைச் சரித்துப் பார்த்தபோது பாதரின் கைகள் தெரிந்தன. வெள்ளைத் துணியில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம். அவர் குனிந்து, அப்பத்தை இரண்டு கையாலும் எடுத்தார். மணி அடித்தது.

என் கை தானாகப் போய்க் கதவைச் சாத்தியது.

எங்கள் கோயிலில் சாமிக்கு அமுது படைக்கும்போது மணி அடித்தால் திரை விழும். சாமி சாப்பிடுவதை ஆரும் பார்க்கக் கூடாது, கண்ணூறு படும். மணிச் சத்தம் கேட்டால் தலை குனியும், திரை விழும், பிறந்த நாள் தொட்டு அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டும் குனிந்த முதுகும் மணியும் சேர்ந்து வந்ததும், நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே என் கைக்கு மறந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுத் தலையையும் குனிந்துகொண்டு நின்றேன்.

"என்னடி செய்யிறாய்!"

நான் நிமிருவதற்குள் போர்வை பறந்து நிலத்தில் கிடந்தது. சிஸ்டர் லூசியென் கட்டிலால் குதித்து இறங்கி, இரண்டு எட்டில் சுவருக்கு வந்து, என்னை ஒரு தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கதவைப் படாரென்று திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. நின்ற இடத்திலிருந்து பீடம் தெரியாது. எதிர்ப்பக்கத்துத் தூண்தான் தெரியும். அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டு, வெறுங்காலோடு, நிமிர்ந்து நின்றா.

கீழே மணி இரண்டாம் முறை அடித்தது. வாட்டில் ஒரு இருமல்கூட இல்லை. திரைகளுக்கு மேலாலும் இடையாலும் எல்லாத் தலைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"லூசியென்" என்று மற்றத் தொங்கலிலிருந்து அல்போன்சீன் கூப்பிட்டா. "உன்ரை காலுக்கு எப்ப உயிர் வந்தது?"

லூசியென் குனிந்து தன் கால்களைப் பார்த்தா. வேறு ஆருடையதோ கால்களைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தா. பிறகு மெல்லக் கம்பியை விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தா. உட்கார்ந்து, கணக்குப் படிப்பித்த அந்த மனுசி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதா.

பூசை முடிந்தது. நான் கதவைச் சாத்தி, போர்வையை எடுத்து அவவின் காலைச் சுற்றினேன். என் கையைப் பிடித்துக்கொண்டா.

"எல்லாரும் வந்து எனக்கு விடை சொல்லிப்போட்டினம் பிள்ளை. அழுதவை. நானும் அழுதனான். சால்வை போச்சு, ரேடியோ போச்சு. சாப்பாட்டு மேசையிலை என்ரை இடத்திலை வேறை ஆள் இருக்கு. இனி எந்த முகத்தோடை போய், நான் சாகேல்லை, கொஞ்சம் தள்ளி இருங்கோ எண்டு சொல்லுறது? வெக்கமாய்க் கிடக்கு."

அவ என்னிடம்தான் சொன்னா. ஆனால் அந்த அறையில் எந்தப் பேச்சும் எல்லோருக்கும் கேட்கும்.

கிரீச்சென்று ஆடுகதிரை அசைந்தது. "இந்தக் கதிரையைக் கொண்டுபோ, லூசியென்" என்றா அல்போன்சீன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தா. "பொல்லாத கதிரை. ஆடேக்கை ஆடேக்கை கிரீச் எண்டுது. நான் கண் மூடி எத்தினை நாள்."

"அந்தச் சத்தம் இல்லாமல்தான் எனக்கு நித்திரை இல்லை" என்றா லூசியென், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் விசரியள்."

"நீ முதலே விசரிதான். நானும் இப்பதான் சேர்ந்தனான்."

பின்னேரம் நான் தட்டுகளோடு வந்தபோது பார்த்தேன்: சுவரோரத்து வெறுங்கட்டில் ஒன்றில், லூசியெனுக்கென்று விரித்திருந்த விரிப்பின் மேல், ரேடியோ இருந்தது. பக்கத்தில் சால்வை மடித்து வைத்திருந்தது. ஆர் எப்போது கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவவும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இடது பக்கத்துக்காரி தன் கதிரையைச் சத்தமில்லாமல் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாவாம். சூப்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு, "உப்புக் காணாது" என்றாவாம் லூசியென். அதோடு எல்லோருக்கும் பழையபடி ஆகிவிட்டது.

சிஸ்டர் ஜெர்மென் வீங்கின கன்னமும் வாய்க்குள் பஞ்சுமாக வந்தபோது, நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏன் கதவைச் சாத்தினேன் என்பதையும், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், கையாலும் காட்டிச் சொன்னேன். வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"உங்கடை ஆக்கள் கடவுளை நிம்மதியாச் சாப்பிட விடினம்" என்றா, பஞ்சுக்குள்ளால். "நாங்கள் அவரை ஒருநாளும் விட்டதில்லை." சிரிக்கப் போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றா.

அந்தக் கட்டிலை அல்போன்சீனுக்குச் சரிப்படுத்தினதுதான் என் வேலைக்காலத்தில் ஆகக் கடினமான வேலை. படுக்க ஏலாத ஆள். நிமிர்த்தி உட்கார வைத்தால் கண் மேலே போய்விடும். பொட்டுக்குள்ளால் பீடத்தின் அடிப்படிதான் தெரியும். சிஸ்டர் ஜெர்மென் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தா, சறுக்கிப் பார்த்தா, சாய்ந்து பார்த்தா. தடித்த மெத்தையை எடுத்துவிட்டு மெல்லியது போட்டோம். அதுவும் காணாதென்று கட்டில் காலின் சில்லுகளைக் கழற்றினோம். பிறகு தலைமாட்டுப் பக்கத்தைச் சுவரிலிருந்து விலக்கி, கட்டிலையே சரித்துப் போட்டோம். என்னை ஏறச் சொன்னா. அல்போன்சீனும் என் அளவுதான். முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தேன். கல்லின் இருட்டுக்குள், எட்டத்தில், வெள்ளைத் துணியின் தொங்கல் பூப்பூவாய்த் தெரிந்தது.

"தெரியுதே?"

"தெரியுது சிஸ்டர்" என்றேன்.

அல்போன்சீனை நானும் சிஸ்டர் ஜெர்மெனும் தூக்கி வைத்தோம். ஒரு குருவியளவு பாரம். எண்ணெய் பூசினார்கள். வரிசையாக வந்து விடை சொன்னார்கள். லூசியென் வரிசையில் நிற்கவில்லை. எல்லோரும் போன பிறகு தன் ஆடுகதிரையைக் கிரீச் கிரீச்சென்று இழுத்து வந்து, கட்டிலின் கால்மாட்டில், பொட்டுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தா.

"அங்கையிருந்தா உனக்கு ஒண்டும் தெரியாதே" என்றா அல்போன்சீன்.

"நான் போதுமளவு பாத்திட்டன். நீ பார்."

மறுநாள் காலை முதல் மணிக்குக் கதவைத் திறந்தேன். அல்போன்சீன் பார்த்தா. வெகுநேரம் பார்த்தா. கட்டில் அசைந்துவிட்டதோ என்று நான் குனிந்து கட்டில்காலைப் பார்த்தேன்.

"துணி கோணலாக் கிடக்கு" என்றா.

லூசியென் வாய்விட்டுச் சிரித்தா. நான் படியால் இறங்கி ஓடி, தேவாலயத்துச் சாமான் அறையில் நின்ற மனுசனிடம் துணியின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னேன். அவர் மேலே சுவரைப் பார்த்தார். அந்த இருட்டுக் கொப்பியளவு ஓட்டையைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு, போய் இழுத்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். இன்று வலது பக்கம் நீளம் கூட. இன்று கஞ்சி காணாது, தொங்கல் வாடிக் கிடக்குது. இன்று மெழுகு சிந்தியிருக்குது, சூடு காட்டித்தான் எடுக்க வேணும், சுரண்ட வேண்டாமென்று சொல்லு. நான் ஏறி இறங்குவேன்.

குசினித் தட்டுகளை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, பூசை நேரம் முழுக்க அங்கேயே நிற்கச் சொன்னா சிஸ்டர் ஜெர்மென். நான் கதவோரத்தில் நிற்பேன். எனக்கும் பீடம் தெரியாது, லூசியெனுக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் அல்போன்சீனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கீழே மெழுகுதிரி ஏற்றினால் அந்தக் கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் வரும். பாதர் கையை விரித்தால் அவவின் புருவம் உயரும். அப்பம் உயரும்போது அந்தச் சுருங்கிய முகம் முழுக்கத் தளர்ந்து, இளம் பெண்ணின் முகம் மாதிரி ஆகிவிடும். மணி அடிப்பதற்கு முன்னமே லூசியென் மெதுவாகச் சொல்லுவா, "இப்ப தூக்கிறார்." சொல்லி வாய் மூட, மணி அடிக்கும். வெளியே பனி விழும். கதிரை கிரீச்சென்னும். அந்தக் காலைகள் எத்தனை இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான காலையாகத்தான் இப்போது ஞாபகத்தில் கிடக்கிறது.

பனி உருகத் தொடங்கி, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்ட ஒரு காலை. கதவைத் திறந்தேன். அல்போன்சீன் பார்த்தா. துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நேராக் கிடக்குதே?" என்று லூசியென் கேட்டா.

அல்போன்சீன் மெல்லத் தலையை ஆட்டினா. மூச்சு மெல்லியதாக, இடைவெளி விட்டு வந்தது. சிஸ்டர் ஜெர்மென் வந்து மறுபக்கம் நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா. கீழே பாட்டு எழும்பியது. கண்ணுக்குள் வெளிச்சம் வந்தது. புருவம் உயர்ந்தது. முகம் தளர்ந்தது.

"இப்ப தூக்கிறார்" என்றா லூசியென். மணி அடித்தது.

மணி அடித்து ஓய்ந்தபோது சிஸ்டர் ஜெர்மென் மணிக்கட்டை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தா. எனக்கு விளங்கியது. அல்போன்சீனின் கண் திறந்தபடி பொட்டுப் பக்கமே இருந்தது. அந்த வெளிச்சப் புள்ளியும் இன்னும் அதற்குள் இருந்தது. பூசை முடிந்தது. வாங்குகள் அசைகிற சத்தம், ஆட்கள் போகிற சத்தம். நான் கதவில் கையை வைத்தேன்.

"சாத்தாதை பிள்ளை" என்றா லூசியென். "அவள் இன்னும் பாத்து முடியேல்லை."

நான் கையை எடுத்துவிட்டேன். குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. கீழே அந்தச் சாமான் அறை மனுசன் ஒவ்வொரு மெழுகுதிரியாக அணைத்துக்கொண்டு போகப் போக, அல்போன்சீனின் கண்ணுக்குள் இருந்த வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது. கடைசித் திரியை அவர் அணைக்கும் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். அதன் பிறகு லூசியென் கதிரையால் எழும்பி வந்து, தன் கையால் அல்போன்சீனின் கண்ணை மூடினா. நான் கதவைச் சாத்தினேன்.